மொஹாவியில் நழுவிய நிலம்

நிலநடுக்கத்தின்போது பூமிக்குள் பாறை எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில் நழுவுகிறது என்ற கேள்விக்கு நில அளவையும் நில அதிர்வியலும் நெடுங்காலம் தனித்தனியே விடை தேடின. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின் பழைய முக்கோண அளவைப் புள்ளிகள் மீண்டும் அளக்கப்பட்டன. பல்லாண்டுகள் வளைந்து இறுகும் பாறை, தாங்க முடியாத நிலையில் நிலப்பிளவை ஒட்டிச் சட்டென நழுவி நிமிர்கிறது என்னும் மீள்துள்ளல் கோட்பாட்டை, அந்த அளவுகளைக் கொண்டே ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் வகுத்தார். நில அதிர்வுமானிகளோ அலைகள் வந்த நேரத்தையும் அவற்றின் வடிவத்தையும் பதிந்துவந்தன.

1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், லேண்டர்ஸ் அருகே 7.3 அளவில் நிலம் நடுங்கியது. முந்தைய ஆண்டு ஏவப்பட்ட ஈ.ஆர்.எஸ்.-1 என்னும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 7 ஆகிய நாட்களில் எடுத்த படங்களின் அலைக்கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, திதியே மசொனே தலைமையிலான பிரெஞ்சுக் குழு 1993இல் நிலப் பெயர்ச்சியின் முழுப் படத்தையே வெளியிட்டது. ரேடார் அலையின் நீளம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். அலை சென்று திரும்புவதால், அந்தப் படத்தில் தெரிந்த ஒவ்வொரு வண்ணப் பட்டையும் நிலத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான தொலைவில் 28 மில்லிமீட்டர் மாற்றத்தைக் குறித்தது.

ஆயினும் அந்தப் படத்துக்குக் காலம் தெரியாது. சுமார் மூன்று மணி நேரம் கழித்து பிக் பேர் பகுதியில் நேர்ந்த நடுக்கத்தின் பெயர்ச்சியும் அதிலேயே கலந்திருந்தது. பிளவை நெருங்கிய இடங்களில் பட்டைகள் சிதைந்து மறைந்தன. நொடிக்கு நொடி நடந்ததை அதிர்வுப் பதிவுகளே சொல்ல முடிந்தது. டேவிட் வால்டும் தாமஸ் ஹீட்டனும் 1994இல் அலைப்பதிவுகளையும் தரை அளவைகளையும் சேர்த்துக் கணித்து, முறிவு ஏறத்தாழ 24 நொடிகள் வடக்கு நோக்கி ஓடியதாகக் கண்டனர். 1999இல் எர்னாண்டெஸ், கொத்தோன், காம்பியோ ஆகியோர் ரேடார், ஜி.பி.எஸ். தரவுகளால் முதலில் நழுவலின் இடப் பரவலை வரையறுத்து, பின்னர் அதிர்வுப் பதிவுகளால் அதன் காலப்போக்கைக் கணித்தனர். ஒவ்வொரு தரவும் எதை உறுதியாகச் சொல்ல வல்லதோ அதை மட்டுமே அதனிடம் கேட்ட இவ்வரிசைமுறை, இத்துறையின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாகும்.

ஜான்சன் வேலி, ஹோம்ஸ்டெட் வேலி, எமர்சன், கேம்ப் ராக் எனத் தனித்தனியே பெயரிடப்பட்டிருந்த பிளவுகளை ஒரே முறிவு இணைத்திருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடங்களில் அதன் வேகம் குறைந்தது. அத்தகைய தாவல்களுக்குரிய வாய்ப்பு, 2013இல் வெளியான கலிஃபோர்னிய நிலநடுக்க முன்மதிப்பீட்டின் கணக்கில் சேர்க்கப்பட்டது.