ஒரே மலையில் இரண்டு விவாகச் சட்டங்கள்

நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலை, வலப்பனைப் பக்கங்களில் ஓடைக்கு இந்தக் கரையில் கண்டிச் சிங்களவரின் கிராமம் இருக்கும். அந்தக் கரையில் தேயிலைத் தோட்டத்து லயங்கள் இருக்கும். ஒரே மழை, ஒரே பஸ், ஒரே பிரதேச செயலகம். கல்யாணம், விவாகரத்து என்று வந்தால் மட்டும் இரு கரைக்கும் வேறு வேறு சட்டம். கிராமத்தாருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் உண்டு. தோட்டத்தார் எத்தனை தலைமுறையாகக் கண்டி மலையில் வாழ்ந்தாலும் அது அவர்களுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டமும் அவர்களைச் சேராது. அவர்களுக்கென்று இருப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், அதாவது பொதுச் சட்டம்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். பொதுச் சட்டத்தில் கல்யாணத்துக்குள் நுழைவது சுலபம், வெளியே வருவது பெரும்பாடு. கண்டியச் சட்டத்தில் நேர்மாறு.

முதலில் நுழைவதைப் பார்ப்போம். கண்டியர் இருவர் பதியாமல் மணந்தால் அது செல்லாது. போருவ மேடை கட்டி ஊருக்கே விருந்து வைத்தாலும் செல்லாது. தோட்டத்தில் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியவர்களின் கல்யாணமோ, பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாமல் போவதில்லை. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, மணந்தவர்களென்றே சட்டம் ஊகிக்கும். இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் 1881இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் அப்படித் தீர்ப்பளித்தது.

இதைக் கேட்டுவிட்டு “அப்போ எழுத்து எதுக்கு?” என்று, பதிவைத்தான் எழுத்து என்று சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. எதற்கென்று புருஷன் இறந்த பிறகு தெரியும். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கு விண்ணப்பிக்கும் மனைவியிடம் முதலில் கேட்பது விவாகச் சான்றிதழைத்தான். பதிவேட்டுக் குறிப்பே கல்யாணத்துக்குச் சிறந்த சாட்சியம் என்கிறது சட்டம். அது இல்லாதவள் பூசாரியையும் கல்யாணப் படத்தையும், ஒரே வீட்டு இலக்கத்தில் இருவர் பெயரும் உள்ள வாக்காளர் இடாப்பையும் தேடி நீதிமன்றம் ஏற வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாததால் எழுத்தைத் தள்ளிப்போட்ட தம்பதிகள் பழைய தலைமுறையில் ஏராளம். இப்போது பதிந்தாலும் தாமதமில்லை. முன்னே பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளாவார்கள்.

ஒருவருக்கு முந்திய கல்யாணம் தீராமல் இருந்தால் கதை வேறு. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் எந்த ஊகமும் கைகொடுக்காது. பழையது இருக்கப் புதிதாக எழுத்து வைத்தால் குற்றம். ஏழு வருடம்வரை சிறை. அப்படிச் சேர்ந்து வாழும் பெண்ணுக்குத் தாபரிப்புக் கேட்க வழியில்லை. ஆனால் அவள் பிள்ளைக்கு உண்டு: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பெற்றோர் மணக்காதவர்கள் என்பதற்காகப் பிள்ளையைக் கைவிடவில்லை. அடி உதை என்றால் அவளும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தாலியைப் பார்ப்பதில்லை.

இனி வெளியே வருவது. கண்டியத் தம்பதிக்கு ஒத்துவராவிட்டால் இருவரும் சம்மதித்து மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஒருவர் சம்மதிக்காவிட்டாலும், சந்தோஷமாகச் சேர்ந்து வாழ முடியவில்லை என்பதே போதிய காரணம். அதற்கு அளவுகோல் ஒரு வருடம் பிரிந்திருப்பது.

தோட்டத்துத் தம்பதிக்கு மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனை உறவு, கெட்ட எண்ணத்துடன் கைவிடுதல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. மனம் ஒத்துப் பிரிவது என்ற பேச்சே இல்லை. ஆகவே இருவரும் சம்மதித்தாலும் ஒருவர் தலையில் குற்றத்தை ஏற்றி, மற்றவர் பேசாமல் இருந்து தீர்ப்பு வாங்குகிறார்கள். உண்மை சொன்னால் கிடைக்காத விவாகரத்து, ஒருவர் குற்றவாளி வேடம் போட்டால் கிடைக்கிறது. தீர்ப்பு வந்தும் அது முடிவாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

“ஏழு வருஷம் பிரிஞ்சி இருந்தா தானா அத்துப்போயிடும்” என்பது லயங்களில் வேரோடிய நம்பிக்கை. சிவில் நடைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருடப் பிரிவு பற்றிய வரி இருப்பது மெய். அதை நம்பி வழக்காடியவர்களும் உண்டு. ஆனால் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் 1986இல் உயர் நீதிமன்றம், குற்றத்தை நிரூபிக்காமல் ஏழு வருடம் மட்டும் போதாது என்று கதவடைத்துவிட்டது. தோட்டத் தலைவர் முன்னால் பேசித் தீர்த்துவிட்ட கடதாசியும், சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசியும் விவாகரத்தாகாது. அவற்றை மடித்து வைத்துக்கொண்டு மறுமணம் செய்பவர்கள்தான் மேலே சொன்ன சிக்கலில் விழுகிறார்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. அடி தாங்காமல் தாய்வீடு போனவள் “கைவிட்டவள்” ஆவதில்லை. அவளைப் போகவைத்தவனே கைவிட்டவன் என்று நீதிமன்றங்கள் ஏற்றுவந்திருக்கின்றன. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டியது அதற்காகத்தான்.

கண்டியச் சட்டம் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. மனைவியின் பிறர் உறவு தனியாகவே விவாகரத்துக்குக் காரணமாகும். கணவனுடையதென்றால் கொடுமையோ தகாத இரத்த உறவோ கூடியிருக்க வேண்டும். தீக முறையில் மணந்து கணவன் வீட்டுக்குப் போகும் மகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமையும் நழுவும். ஆனால் அதன் பிரியும் வழி அனுபவத்தால் வந்தது. 1859இல் ஆங்கிலேயர் கண்டியர்மீதும் கடும் விவாகச் சட்டத்தைச் சுமத்தினார்கள். ஜனங்கள் பதிவுப் பக்கமே போகாமல் பழையபடி சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். அரசு 1870இல் இறங்கிவந்து, ஒத்துப் பிரிவதையும் சட்டத்தில் சேர்த்தது. தோட்டத்துக்காக அப்படி யாரும் இறங்கி வரவில்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் நீலகிரிக்குப் போன அக்காவுக்குக்கூட, இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தின் 1976 திருத்தத்தால் மனமொத்த விவாகரத்து கிடைத்துவிட்டது. இங்கே நின்றுவிட்ட தங்கைக்கு இன்னும் 1907தான்.

ஓடையைத் தாண்டி மணப்பவர்களும் இப்போது உண்டு. தோட்டத்துப் பெண்ணைக் கட்டும் கிராமத்துப் பையன் கண்டியச் சட்டத்தில் பதிய முடியாது. அதற்கு இருவருமே கண்டியராக இருக்க வேண்டும். கண்டியனை மணந்த அவன் தங்கை, ஒத்துவராவிட்டால், தன் கல்யாணத்தைப் பதிவாளர் மேசையிலேயே முறித்துக்கொள்ளலாம். அவனுக்கு ஒத்துவராவிட்டால் சட்டத்தரணி பிடித்து, பெண்டாட்டிமேல் குற்றம் எழுதிக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டும்.