பின்னச்சில் பிறந்த லாரி

1917 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் 600 டாலர் விலையில் ஒரு வண்டியை அறிவித்தது. வண்டி என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். சட்டம், இன்ஜின், நான்கு சக்கரங்கள், ஸ்டியரிங், அவ்வளவே. ஓட்டுநர் உட்காரும் கேபினையும் சரக்கு ஏற்றும் பெட்டியையும் வாங்குகிறவர் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பெயர் மாடல் டிடி. ஒரு டன் சுமக்கும் என்றார்கள். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது 1908 முதல் ஓடிக்கொண்டிருந்த மாடல் டி காரின் அதே 20 குதிரைத்திறன் இன்ஜின். கியர்பெட்டியும் அதே இரண்டு கியர் பெட்டிதான்.

குடும்பத்தோடு கோயிலுக்கோ சந்தைக்கோ போய்வரச் செய்த இன்ஜின், ஒரு டன் மூட்டையை எப்படி இழுக்கும்? விடை வண்டியின் பின்பக்கம் இருந்தது. சட்டத்தை இரண்டடி நீட்டினார்கள், ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினார்கள். அதெல்லாம் எந்தக் கொல்லனும் செய்கிற வேலை. உண்மையில் புதிதாகச் செய்தது பின்னச்சு ஒன்றைத்தான்.

கார் ஆக்சிலின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இன்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் 11 பல் உள்ள பினியன். அது திருப்பும் கிரௌன் வீலில் 40 பல். 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.64. மேல் கியரில் இன்ஜின் 3.64 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டிடி லாரியில் அந்த எண் 7.25. சக்கரத்தின் ஒரே சுற்றுக்கு இன்ஜின் இரு மடங்கு சுற்ற வேண்டும். வேகம் பாதியாகும், இழுவை இரு மடங்காகும். இல்லாத பலத்தைப் பல்சக்கரம் உண்டாக்கவில்லை. இருக்கிற பலத்தை மெதுவாகச் செலவழிக்க வைத்தது.

ஆனால் இரு மடங்கு என்பது காகிதக் கணக்கு. காரின் டயர் 30 அங்குல விட்டம். லாரியின் பின்டயர், பாரம் தாங்குவதற்காக, 32 அங்குலம். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அதே அளவுக்குத் தரையைத் தள்ளும் விசை குறையும். 7.25-ஐ 3.64-ஆல் வகுத்தால் 1.99 வரும். டயரையும் கணக்கில் சேர்த்தால் 1.87-தான் மிஞ்சும். பல் கொடுத்ததில் ஒரு பங்கை டயர் எடுத்துக்கொண்டது. ஆக்சில் பல்லும் டயர் அளவும் சேர்ந்த ஒரே கணக்கு இது. பினியனைக் கைபடாமல் விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினாலும் கியர் மாறியதாகத்தான் அர்த்தம்.

டிடி-க்கு இரண்டு ஆக்சில்கள் கிடைத்தன. வழக்கமானது 7.25. கேட்டு வாங்கினால் 5.17. முதலாவது போட்ட லாரியை மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்பது பரிந்துரை. இரண்டாவதற்கு 22 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 24, 35. ஒரு சைக்கிள்காரர் முயன்றால் முதல் லாரியை முந்திவிடலாம்.

இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. 32 அங்குல டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 392 முறை சுற்றும். மணிக்கு 24 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 157 சுற்று. அதை 7.25-ஆல் பெருக்கினால் இன்ஜின் சுமார் 1,140 சுற்றில் ஓடுகிறது. இன்னொரு ஆக்சிலுக்கு வாருங்கள்: 35 கிலோமீட்டர் வேகம், 5.17 விகிதம். இன்ஜின் சுமார் 1,180 சுற்று. சாலையில் ஒன்று மற்றொன்றைவிட ஒன்றரை மடங்கு வேகமாகப் போகிறது. இன்ஜினுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான். இது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. வேக வரம்பு என்று எழுதியது லாரிக்கானது அல்ல, இன்ஜினுக்கானது. 1,600 சுற்றில் உச்சத் திறனைத் தொட்டுவிடும் இன்ஜின் அது. எண்ணெய் பம்புகூடக் கிடையாது. எண்ணெய் தெறித்துத் தெறித்தே உள்ளுறுப்புகள் நனைய வேண்டும். 7.25 ஆக்சிலோடு மணிக்கு 48 கிலோமீட்டர் போக நினைத்தால் அது 2,300 சுற்றை நெருங்க வேண்டியிருக்கும். அதற்குள் பேரிங் போய்விடும்.

இவ்வளவு பெரிய குறைப்பைக் கிரௌன், பினியன் கொண்டே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அன்றைய பல்வெட்டும் இயந்திரங்களில் அது சிரமம். பினியனில் பல்லைக் குறைத்தால் பல் பலவீனமாகும். கிரௌனைப் பெரிதாக்கினால் அதன் கூடு தரையில் இடிக்கும். ஆகவே ஃபோர்டு வார்ம் கியருக்குப் போனது. நீண்ட திருகு ஒன்று மேலே சுழல, அதன் அடியில் வெண்கலச் சக்கரம் மெல்லத் திரும்பும். சின்ன இடத்தில் பெரிய குறைப்பு, சத்தமும் குறைவு. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் தன் கார்களில் இதை முன்பே பயன்படுத்தியிருந்தார். குறை என்னவென்றால், பல் உருளாமல் உரசியே திருப்புகிறது. உரசல் என்றால் சூடு, சூடு என்றால் இழப்பு.

டிடி-க்கு முன்பே வேறு வழிகளில் இதே சிக்கலை அவிழ்த்தவர்கள் உண்டு. 1896-இல் காட்லீப் டைம்லர் செய்த முதல் மோட்டார் லாரியில் இருந்தது 4 குதிரைத்திறன் இன்ஜின். சுமக்க வேண்டியது ஒன்றரை டன். இன்ஜினிலிருந்து பெல்ட் வழியே குறுக்குத் தண்டுக்குச் சக்தி போகும். தண்டின் இரு முனையிலும் சிறு பினியன்; அது சக்கரத்தோடு பொருத்திய வளையத்தின் உட்பற்களைக் கடித்துத் திருப்பும். கடைசிக் குறைப்பு சக்கரத்திலேயே நடக்கிறது. இன்று சுரங்கத்திலும் கல்குவாரியிலும் ஓடும் கனரக டிப்பர்களின் ஹப் ரிடக்‌ஷன் ஆக்சிலும் அடிப்படையில் இந்த யோசனைதான்.

சங்கிலி போட்டுச் சக்கரத்தைத் திருப்பியவர்கள் இன்னொரு கட்சி. அமெரிக்காவின் மேக் ஏசி லாரி, 1916-இல் வந்த ‘புல்டாக்’, 1938 வரை சங்கிலியை விடவில்லை. பழமைவாதம் என்று சிரிக்க வேண்டாம். அதில் விகிதத்தை மாற்ற ஆக்சிலைப் பிரிக்கவே தேவையில்லை. ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கை உள்ளதை மாட்டினால் போதும். டிடி வருவதற்கு முன் மாடல் டி காரை லாரியாக்க விற்ற ஸ்மித் ஃபார்ம்-ஏ-டிரக் என்ற சாமான் தொகுதியும் சங்கிலியைத்தான் நம்பியது. காரின் பின்னச்சை இடைத்தண்டாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னே ஒரு கனத்த அச்சுக்குச் சங்கிலி இழுப்பார்கள். அந்த வியாபாரம் சூடு பிடித்த பிறகே ஃபோர்டு களத்தில் இறங்கியது.

டிடி பிறந்த அதே 1917-இல் குட்இயர் நிறுவனம் காற்றடைத்த டயர் போட்ட பேக்கார்டு லாரியை ஏக்ரனிலிருந்து பாஸ்டனுக்கு ஓட்டிக் காட்டியது. அதுவரை லாரி என்றால் கெட்டி ரப்பர் டயர்தான். வேகமாக ஓட்டினால் வண்டியும் சாலையும் சேர்ந்தே உதிரும். காற்று டயர் அந்தத் தடையை நீக்கியதும் வேறு தடை வெளியே தெரிந்தது. சாலை விடுகிறது, டயர் தாங்குகிறது, ஆக்சில்தான் விடமாட்டேன் என்கிறது.

ஏற்றத்துக்கு ஒரு விகிதமும் சமதரைக்கு ஒரு விகிதமும் வேண்டும். ஒரே ஆக்சிலுக்குள் இரண்டையும் வைத்தார்கள். மாடல் டி-க்கு வந்த ரக்ஸ்டெல் ஆக்சில் அப்படிப்பட்டது. ஃபோர்டு விற்பனையாளர்களே விற்றார்கள். அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. மாடல் டி-யின் கால் பிரேக் கியர்பெட்டிக்குள் இருந்தது. ஆக்சில் இரண்டு கியருக்கும் நடுவே சிக்கிவிட்டால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உறவே அறுந்துவிடும். இறக்கத்தில் அப்படி ஆனால்? அதனால்தான் சக்கரத்தில் தனி பிரேக் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னர் ஈட்டன் நிறுவனத்தின் இரட்டை விகித ஆக்சில்கள் நடுத்தர லாரிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சின.

இதற்கிடையே பல் வெட்டுவோரும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த கிளீசன் தொழிற்சாலை 1913-இல் வளைபல் கிரௌனையும், 1920-களின் நடுவில் பொறியாளர் எர்ன்ஸ்ட் வில்ட்ஹேபரின் மூளையிலிருந்து ஹைபாய்டு என்ற புதுவகைக் கியரையும் கொண்டுவந்தது. திருகும் வெண்கலமும் மெல்ல ஒதுங்கின.

இன்றைய நெடுஞ்சாலை லாரியில் எண்கள் தலைகீழாக இறங்குகின்றன. 10.00-20 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.2 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 521 சுற்று. 4.1 ஆக்சில் போட்டு, மேல் கியர் நேரடியாக இருந்தால், இன்ஜின் 2,130 சுற்றில் அலறும். 2.4 போட்டால் 1,250-இல் அமைதியாக ஓடும், டீசலும் மிச்சம். ஆனால் அதே திறனைக் குறைந்த சுற்றில் எடுத்தால் முறுக்குவிசை ஏறும். புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஜாயின்டும் தடிப்பாக வேண்டும். புறப்படும்போதும் ஏற்றத்திலும் உதவ, கீழ் கியர்கள் ஆழமாக இருக்க வேண்டும். டிடி-க்கு இரண்டே கியர் என்பதால் எல்லாச் சுமையையும் ஆக்சில் ஏற்றது. இப்போது பன்னிரண்டு கியர் இருப்பதால் ஆக்சிலுக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது.

டயர் மட்டும் இன்னும் குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. உயர வரம்புக்குள் அதிகச் சரக்கு அடைக்க ஐரோப்பாவில் உயரம் குறைந்த தட்டை டயர் மாட்டிய லாரிகள் ஓடுகின்றன. 295/60ஆர்22.5 டயரின் சுற்றளவு 2.9 மீட்டர்தான். அதே 2.4 ஆக்சிலோடு இன்ஜின் 1,250-க்குப் பதிலாக 1,380 சுற்று சுற்றும். பழைய சுற்றுக்குத் திரும்ப ஆக்சிலை 2.2-க்கும் கீழே இறக்க வேண்டும். தட்டை டயர் வேண்டாம் என்று பெரிய டயரோடு நின்றாலும் கணக்கு நிற்பதில்லை. புது டயர் தேய்ந்து முடிவதற்குள் விட்டத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர் போய்விடும். அதாவது மூன்று சதவீதம். அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 38 சுற்று கூடுதலாகச் சுற்றும். மீட்டரும் ஓடாத தூரத்தை ஓடியதாகக் காட்டும்; லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்கிற லாரி முதலாளி, தேய்ந்த டயர்தான் நல்ல மைலேஜ் தருகிறது என்று நினைத்துக்கொள்வார்.