தமிழ்நாடு அரசு இலச்சினை

கோயில் கோபுரம், அதன் முன்னே அசோகரின் சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடிகள், விளிம்பில் ‘தமிழ்நாடு அரசு’, ‘வாய்மையே வெல்லும்’ என்னும் எழுத்துகள்: இவையே தமிழ்நாடு அரசின் இலச்சினை. 1949-இல் சென்னை மாகாணத்துக்காக இதன் மூல வடிவத்தை வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ்.

அது எந்த ஊர்க் கோபுரம்? விருதுநகர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார்கள். அவ்வூரின் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் பதினோரு நிலை கொண்டது. உயரம் 190 அடிக்கு மேல். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.தான் அன்றைய மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரிடம் இக்கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்பது வழிவழிச் செய்தி. 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் பதவியேற்ற பி. எஸ். குமாரசாமி ராஜாவோ பக்கத்து ராஜபாளையத்துக்காரர். ஆனால் கிருஷ்ணா ராவ், தாம் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஒன்பது நிலை மேற்குக் கோபுரம் என்றே கூறினார். வரைந்த கையின் சாட்சிக்கே எடை அதிகம். ஆயினும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே அரசுச் சின்னம் என்று பாடம் படித்து வளர்ந்த தலைமுறைகளின் பற்றும் இந்த இலச்சினையின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. அது வழிபாட்டைக் குறிப்பதன்று, திராவிடக் கட்டடக்கலையைக் குறிப்பது என்பதே அதற்குத் தரப்படும் விடை. தென்னாட்டில் ஊரைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுப்பது கோபுரம்தான் என்பதால், அந்த விடை ஏற்கத்தக்கதே.

வண்ணங்கள் கொடிகளிலிருந்து வருபவை. காவி துணிவையும் தியாகத்தையும், வெண்மை வாய்மையையும் அமைதியையும், பச்சை மண்ணின் வளத்தையும் சுட்டுகின்றன. ஒற்றை மையில் குத்தப்படும் முத்திரையில் இவை மறைந்துபோக, வடிவம் மட்டுமே பேசுகிறது.

சிங்கங்களின் அடிப்பீடத்தில் 24 ஆரச் சக்கரமும், அதன் இருபுறம் காளையும் குதிரையும் உள்ளன. திமில் பருத்த காளை விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதன்று. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சூதுபவளக் கல்லொன்றிலும் அவ்வுருவம் செதுக்கப்பட்டுள்ளது.

‘சத்யமேவ ஜயதே’ என்னும் முண்டக உபநிடதத் தொடரின் இடத்தில் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது 1967-இல் அமைந்த அண்ணா ஆட்சியில். 1969 ஜனவரி 14-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது. விளிம்பிலும் அப்பெயரே நிலைத்தது.