மாணாக்கர் தொகையும் மாணாக்கர் சொல்லும்

சோழர்காலக் கல்வியை ஆராய்வோர் முதலாம் இராசேந்திரனின் எண்ணாயிரக் கல்வெட்டைச் சுட்டாது செல்லார். அதன்கண் இளமாணவர் 270, மேனிலை மாணவர் 70, ஆசிரியர் 14 என்னும் கணக்கும், இளமாணவன் ஒருவனுக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல் என்னும் அளவும் உள. நாழிவரை அளந்த ஊர்ச்சபையார், கற்போர் கருத்தை அறியும் முறை எதனையும் பொறித்திலர். கொடைச் சாசனத்தில் அதனை எதிர்பார்த்தல் மிகை எனலாம்.

எனினும் அக்கருத்தின் சாயல் இலக்கண நூலில் உண்டு. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் ஆகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கோடு ஒப்பிடுவர். பருத்தி அடைத்த குண்டிகையினின்று பஞ்சு சிறிது சிறிதாகவே வரும்; முடத்தெங்கோ நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் உதிர்க்கும். இக்குறைகளை அறிந்தவர் யாவர்? நீர் வார்த்து ஏமாந்த மாணாக்கரே அன்றோ! ஆசிரியர் தரம் பற்றிய இம்மதிப்பீடு கற்போர் பட்டறிவினின்று பிறந்தது என்பது எம் துணிபு. ஆயின் அதே பாயிரம் மாணாக்கனுக்கு ஆசான்பால் அச்சத்தையும் விதிக்கின்றது.

கோத்தாரிக் கல்விக்குழு (1964–66) ஆசிரியரும் மாணவரும் கூடிய குழுக்களைப் பரிந்துரைத்தது. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றிற்று. 1994இல் அமைந்த தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்று அவை, கல்லூரிதோறும் வேண்டும் என வகுத்த உள்தர உறுதிக் குழுவில் மாணவர் சார்பிலும் ஒருவர் அமர்வர். தேர்தலால் அன்று, நியமனத்தால். 2017இல் மாணவர் மனநிறைவு பற்றிய வினாத்தொகுதியும் சேர்க்கப்பட்டது. வையம்பட்டியினின்று கல்லூரி செல்லும் மாணவன் அதனை நிரப்புங்கால் முடத்தெங்கை முடத்தெங்கு என எழுதுவானோ, பாயிரத்தின் அச்சம் அவன் கையைப் பிடிக்குமோ?