ஐப்பசி ரயிலும் சம்பா கொத்சும்: கடலூர் டு சிதம்பரம், ஒரு சின்ன வரலாறு

1)
இன்னைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். மருந்து மாத்திரை கம்மி, ரயிலும் சாப்பாடும் ஜாஸ்தி. ஆனா கடைசியில ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. பாதியில போயிடாதீங்க.

2)
எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வழக்கம். வருஷா வருஷம் ஐப்பசியில ஒரு நாள் கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு ரயில்ல போவோம். வயிறு முட்டச் சாப்பிடுவோம். சாயங்கால ரயில்ல திரும்பிடுவோம். அவ்வளவுதான் எங்க டூர்.

காரணம் என்னன்னா, எங்க தலை தீபாவளி அன்னைக்கு எனக்கு டூட்டி. கையில புஸ்வாணம் வெடிச்சவங்க, கண்ணுல பொறி பட்ட குழந்தைங்கன்னு ராத்திரி முழுக்க ஓடிச்சு. மாமியார் வீட்டு விருந்து கேரியர்ல வந்து ஆறிப்போய்க் கிடந்தது. அந்தக் கடனைத்தான் இன்னும் தவணை முறையில அடைச்சிட்டு இருக்கேன்.

3)
திருப்பாதிரிப்புலியூர்ல ஏறினா கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். சுமார் 45 கிலோமீட்டர். ஐப்பசி மழை பிடிச்சிருந்தா வயலெல்லாம் பச்சை, வெள்ளாறு செம்மண் நிறத்துல ஓடும். பரங்கிப்பேட்டை தாண்டி அந்தப் பாலத்து மேல ரயில் போகும்போது என் மனைவி பேச்சை நிறுத்திட்டு வெளிய பார்ப்பாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு.

4)
சிதம்பரத்துல முதல் வேலை சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். மிளகு, சீரகம், நெய் மணக்குற சாதம். பக்கத்துல புளி போட்டு மசிச்ச கத்திரிக்காய். நடராஜருக்கு நைவேத்தியம் ஆகுற சாப்பாடு. ஓட்டல்ல இட்லிக்கும் கொத்சு ஊத்துவாங்க. மதியம் மீன் சாப்பாடு. அப்புறம் பில்டர் காபி. ஒரு டாக்டரா நான் நோயாளிகளுக்குச் சொல்ற அளவையெல்லாம் அன்னைக்கு ஒரு நாள் மறந்துடுவேன். (மத்த 364 நாள் சரியா இருப்பேன், சத்தியமா.)

5)
இந்த வருஷம் போகும்போது ஒரு கேள்வி வந்தது. அதைக் கிளப்பி விட்டது ஒரு ஆயா.

போன மாசம் ஓ.பி.க்கு வந்தாங்க. எண்பது வயசைத் தாண்டியவங்க. குளிர் ஜுரம், அடிவயித்து வலி, சிறுநீர்ல எரிச்சல். பேரன் கல்யாணத்துக்கு வெளியூர் பஸ்ல போய் வந்த மூணாம் நாள்.

"ஆயா, பஸ்ல தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சா எங்க தம்பி போறது? எங்கம்மா ரயில்ல போனாலே மொத நாளு ராத்திரியில இருந்து தண்ணி தொடாது. கட்டுச்சோறு கட்டிக்கினு போவும், அதையும் பாதிதான் துன்னும்."

6)
அந்த ஆயாவோட அம்மா இதே தடத்துல, பண்ருட்டியில ஏறிச் சிதம்பரம் போனவங்களாம். அப்போ என் கேள்வி இதுதான்: நானும் என் மனைவியும் ஜாலியா போற இந்தப் பயணத்தை, 100 வருஷம் முன்னாடி ஒரு சாதாரணப் புருஷன் பொண்டாட்டி போயிருக்க முடியுமா? பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, பசிச்ச இடத்துல சாப்பிட்டு, பயமில்லாம தண்ணி குடிச்சு?

வாங்க, பார்ப்போம்.

7)
முதல்ல ரயில் எப்படி வந்துச்சுன்னு சுருக்கமா. 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவாச்சு. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியா போற மீட்டர் கேஜ் பாதை 1870-களின் பிற்பாதியில போடப்பட்டது. இன்னைக்கும் ரயில்வேகாரங்க இதைத்தான் "மெயின் லைன்"னு சொல்றாங்க. விருத்தாசலம் வழியா திருச்சிக்குப் போற "கார்டு லைன்" 1920-களின் கடைசியில வந்த தம்பி.

8)
அந்த 1870-களின் பிற்பாதின்னா என்ன காலம் தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876-78. தென்னிந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்கன்னு மதிப்பீடு.

நம்ம ஊருக்கு முதல் ரயில் வந்த நேரமும் பஞ்சத்துல சனம் சுருண்டு விழுந்த நேரமும் ஒண்ணு. பஞ்சப் பகுதிக்குத் தானியம் கொண்டு வந்ததும் ரயில்தான். விலை கூட கிடைக்கிற ஊருக்கு இருந்த தானியத்தையும் அள்ளிட்டுப் போனதும் ரயில்தான்.

9)
இங்க ஒரு டாக்டரைப் பத்திச் சொல்லியே ஆகணும்.

1877 ஜனவரி 1 அன்னைக்கு டெல்லியில லிட்டன் பிரபு, விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசின்னு அறிவிக்க ஆடம்பரமா தர்பார் நடத்தினார். அதே மாசம் சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வை பண்ண அனுப்பப்பட்டார். செலவைக் குறைக்க அவர் வெச்ச அளவு: நிவாரண வேலை செய்யற ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கையில ஒரு சின்னக் காசு. ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். மண் வெட்டி, கல் உடைக்கிறவனுக்கு!

10)
இதை எதிர்த்து நின்னவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ். வெறும் தானியம் ஒரு பவுண்டு போதாது, கடின வேலைக்குத் தானியம் கூட வேணும், பருப்பும் காய்கறியும் வேணும்னு கணக்குப் போட்டுக் காட்டி வாதாடினார். சில மாசத்துல அந்தக் கூலி உயர்த்தப்பட்டது. அதுக்குள்ள எத்தனை உயிர் போச்சுங்கிறது வேற கதை.

அரசு வேலையில இருந்துட்டே, மேலிடத்துக்கு எதிரா, தட்டுல எவ்வளவு இருக்கணும்னு சண்டை போட்ட டாக்டர். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும்.

11)
பஞ்சம் முடிஞ்சது. ரயில் நின்னுடுச்சு. இனி "உல்லாசப் பயணம்" பக்கம் வருவோம்.

1883 அக்டோபர் 4. பாரிஸ்ல இருந்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கிளம்புது. ஓடுற ரயில்லயே படுக்கை, வெள்ளை விரிப்பு போட்ட மேசை, பல வகை விருந்து. உலகத்துக்கே அது ஒரு கனவு. நம்ம கணக்குல அது புரட்டாசி மாசம்.

12)
இங்கயும் ஒரு சின்ன ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் இருந்துச்சு. போட் மெயில். எழும்பூர்ல ஏறி இந்த மெயின் லைன் வழியா தெற்கே போய், அங்கிருந்து கப்பல்ல கொழும்பு. முதல்ல தூத்துக்குடி வழியா. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வழியா தலைமன்னார். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே அழிஞ்சப்போ அந்தத் தொடர்பு அறுந்துச்சு.

13)
தென்னிந்திய ரயில்வே ஆங்கிலத்துல படங்களோட வழிகாட்டிப் புத்தகமும் போட்டுச்சு. எந்த ஸ்டேஷன்ல இறங்கினா என்ன கோயில், எங்க தங்கலாம், எங்க சாப்பாட்டு அறை இருக்குன்னு. வெயில் தணிஞ்ச மாசங்கள்ல துரையும் துரைசாணியும் முதல் வகுப்புல வந்து, ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில கத்தி முள்கரண்டியோட உட்காரலாம். தெற்கே ஸ்பென்சர் கம்பெனிதான் பல ஸ்டேஷன்ல அந்த ஐரோப்பிய உணவு அறைகளை நடத்துச்சு.

ஆக, ஐப்பசியில ஜோடியா ரயில்ல போய் விருந்து சாப்பிடுறது அந்தக் காலத்துலயே இருந்துச்சு. யாருக்குங்கிறதுதான் கேள்வி.

14)
மூணாம் வகுப்புக்கு வாங்க. நம்ம கொள்ளுத் தாத்தா பாட்டி ஏறின பெட்டி. மரப் பலகை, நெரிசல், புகை. 1917-ல் காந்தி இந்த மூணாம் வகுப்பு அவலத்தைப் பத்தியே தனியா எழுதினார். அசுத்தம், கூட்டம், பயணிகளை ஆடு மாடு மாதிரி அடைக்கிறது எல்லாம் அதுல இருக்கு.

ஆனா ரயில்வே கம்பெனிக்குப் பயணிகள் வருமானத்துல பெரும்பங்கு இந்த மூணாம் வகுப்பு ஜனங்க கொடுத்த காசுதான்.

15)
ஜோடியா உட்காரலாமா? 1890 ரயில்வே சட்டத்தோட 64-ஆம் பிரிவு சொல்லுது: 1891 ஜனவரி 1 முதல், ஒவ்வொரு பயணிகள் ரயில்லயும் கடைசி வகுப்புல ஒரு அறையாவது பெண்களுக்குன்னு ஒதுக்கணும். சேர்ந்து உட்காரக் கூடாதுன்னு சட்டம் சொல்லல. ஆனா அந்தக் கூட்டத்துல பொம்பளைங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அதனால அவர் ஒரு பெட்டி, இவங்க ஒரு பெட்டி. இறங்குற ஸ்டேஷன்ல "வந்துட்டியா"ன்னு தேடிக்கிறதுதான் அந்தக் காலத்து ஹனிமூன்.

16)
அதே பிரிவுல இன்னொரு வரி இருக்கு. அதைப் படிச்சப்போதான் எனக்கு அந்த ஆயா ஞாபகம் பலமா வந்துச்சு.

ரயில் 50 மைலுக்கு மேல போனா, அந்தப் பெண்கள் அறை ஒண்ணுல கழிப்பறை இருக்கணும். 50 மைல்னா 80 கிலோமீட்டர். அதுக்குக் கம்மியா ஓடுற ரயில்னா சட்டப்படி அதுவும் தேவையில்ல. மத்தபடி ரயில் நிக்கிற இடத்துல ஓடணும், திரும்பி வந்து ஏறணும். கைக்குழந்தையோட, புடவையோட, ஆம்பளைங்க பார்க்கிற இடத்துல. யார் ஓடுவா? அதனால தண்ணி குடிக்கல.

17)
சரி, சாப்பாடு? இங்கதான் பெரிய அநியாயம்.

டிக்கெட் எல்லாருக்கும் ஒண்ணு. காசு கொடுத்தா யாரும் ஏறலாம். ஆனா ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில பிராமணருக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம். போர்டு போட்டுப் பிரிச்சாங்க. "மத்தவங்க"ளுக்குள்ளயும் தாழ்த்தப்பட்டவங்க உள்ள நுழையறதே பெரும்பாடு. ஒரே பலகையில தோளோடு தோள் இடிச்சிட்டு வந்தவங்க, இறங்கி சோத்துக்குப் போகும்போது ஜாதி ஜாதியா பிரியணும்.

18)
சிதம்பரம்ங்கிற ஊருக்கு இதுல ஒரு கூடுதல் கனம் உண்டு. சிதம்பரத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டு, பிறப்பைக் காரணம் காட்டித் தடுக்கப்படுவோமேன்னு "நாளைப் போவேன், நாளைப் போவேன்"னு தள்ளிப் போட்டவர் நந்தனார். திருநாளைப்போவார்ங்கிற பேரே அதனால வந்தது. 19-ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதி அவர் கதையைக் கீர்த்தனையா பாடி ஊர் ஊரா பரவச் செய்தார். அதுக்குக் கொஞ்ச வருஷத்துல ரயில் வந்துச்சு.

ரயில் செஞ்ச நல்லது ஒண்ணு: "நாளை"ங்கிறதை "இன்னைக்கு"ன்னு மாத்துச்சு. டிக்கெட் எடுத்தா சிதம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் யாரும் தடுக்க முடியாது. ஸ்டேஷனுக்கு வெளிய ஊர் மாறல.

19)
அதை மாத்த ஊருக்குள்ளயே உழைச்சவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல் சிதம்பரத்துல நந்தனார் கல்விக் கழகத்தை ஆரம்பிச்சு, ஒடுக்கப்பட்ட குழந்தைங்களுக்குப் பள்ளி நடத்தினார். பின்னாடி சட்டமன்றத்துக்கும் போனார். சிதம்பரம் போறவங்க கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்க்கிறோம். இவர் பேரையும் ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

20)
ரயில்வே சாப்பாட்டு அறைப் பிரிவினையை எதிர்த்துப் பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து போராடினாங்க. 1941-ல் தென்னிந்திய ரயில்வே அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டுச்சு. ரயில் வந்து 60 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரே அறையில உட்கார்ந்து இட்லி சாப்பிட.

அப்புறம் 1947-ல் சென்னை மாகாணத்துல கோயில் நுழைவுச் சட்டம். 1950-ல் அரசியலமைப்புச் சட்டம். அதோட 15-ஆம் பிரிவுல கடை, ஓட்டல் பேரைச் சொல்லியே எழுதி வெச்சிருக்காங்க: ஜாதி, மதம், பால் காரணமா யாரையும் தடுக்கக் கூடாது. ஓட்டலை எதுக்கு அரசியலமைப்புச் சட்டத்துல எழுதணும்னு காலேஜ் படிக்கும்போது நினைச்சிருக்கேன். இப்போ புரியுது.

21)
1974-ல் மூணாம் வகுப்புங்கிற பேரும் போச்சு. விழுப்புரம் மயிலாடுதுறை இடையே மீட்டர் கேஜை அகலப்படுத்த 2006 கடைசியில ரயிலை நிறுத்தி, 2010-ல் தான் திரும்ப விட்டாங்க. அந்த மூணு வருஷ சொச்சம் பஸ்ல இடிபட்டவங்க இந்தப் பக்கம் நிறைய பேர் இருப்பீங்க.

22)
நடுவுல கட்டுச்சோத்தைப் பத்தி ஒரு வார்த்தை. "மத்தவங்க" சாப்பாட்டு அறைக்குள்ள அவமானப்படாம இருக்க நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி அது. புளிசாதம் ஏன்? புளியோட அமிலத்தன்மை கிருமி வளர்றதைத் தாமதப்படுத்தும். வெறும் சோறு வெளிய வெச்சா சில மணி நேரத்துலயே கிருமி பெருகி வாந்தி பேதி வரலாம். காலரா கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவுல உறுதி செஞ்சது 1884-ல். நம்ம பாட்டிங்க அதுக்கு முன்னாடியே புளி கரைச்சிட்டாங்க.

23)
இப்போ நான் சொன்ன மருத்துவ விஷயம். பெண்களுக்காக, முக்கியமா வயசானவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவங்களுக்காக.

பயணத்துக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்காதீங்க. மணிக்கணக்கா சிறுநீரை அடக்காதீங்க. ரெண்டும் சேர்ந்தா சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழி விடும். எரிச்சல், அடிக்கடி போகணும்ங்கிற உணர்வு இருந்தா டாக்டரைப் பாருங்க. அதோட குளிர் ஜுரம், விலா இடுப்பு வலி, வாந்தி சேர்ந்தா அன்னைக்கே வாங்க, சிறுநீரகம் வரை போயிருக்கலாம். மெடிக்கல்ல பாதி கோர்ஸ் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க.

ஆண்களே, வீட்டுப் பொம்பளைங்களோட போகும்போது கழிப்பறை எங்க இருக்குன்னு நீங்களே முதல்ல பார்த்து வையுங்க. அவங்க கேட்க மாட்டாங்க.

24)
அந்த ஆயா மருந்து முடிச்சு நல்லாயிட்டாங்க. ரெண்டாவது தடவை வந்தப்போ, "ஆயா, சிதம்பரம் போயிட்டு வந்தேன்"னு சொன்னேன்.

"ரயில்லயா? கொத்சு துன்னியா?"

"தின்னேன் ஆயா."

"எங்கம்மா கோயில் கோபுரத்தைத் தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துச்சாம். கொத்சு எப்டி இருக்கும்னு அதுக்குத் தெரியாது. நான் ஒரே ஒரு வாட்டி துன்னுருக்கேன்."

25)
இந்த வருஷம் திரும்பி வர்ற ரயில்ல என் மனைவி ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி பண்ணிட்டு எழுந்து போனாங்க. திரும்பி வந்து, "ஏங்க, லாக் உடைஞ்சிருக்கு. கதவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்"னாங்க.

அடுத்த தடவை நான் வெளிய நிக்கிறேன்னு சொன்னேன்.

உங்க வீட்டுப் பாட்டி, ஆயா, அப்பாயி ரயில்ல போன கதை இருந்தா கேட்டு கமெண்ட்ல போடுங்க. என்ன கட்டிட்டுப் போனாங்க, எங்க உட்கார்ந்து சாப்பிட்டாங்கன்னு. கேட்க இன்னும் கொஞ்ச வருஷம்தான் நமக்கு இருக்கு.