சுவரில் தொங்கும் நீலத் தட்டு

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழி பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்கிறது. தெய்வத்தைக் காண விரும்புவோன் முதலில் அந்நியன் கட்டிய மதிலைக் காண வேண்டும். இந்நகரத்தின் முந்நூற்றாண்டுச் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அந்நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் பீங்கான் தட்டு ஒன்று தொங்கியது. வெண்ணிறப் பரப்பில் நீல நிறத்தில் காற்றாலை, கால்வாய், பாய்மரப் படகு. "ஒல்லாந்தர் காலத்துப் பொருள், கோட்டையில் இருந்த அதிகாரி ஒருவனின் வீட்டுப் பண்டமாக இருக்கலாம்" என்றார் நண்பர் பெருமிதத்தோடு. அவர் அனுமதியுடன் தட்டை இறக்கித் திருப்பிப் பார்த்தோம். 'டெல்ஃப்ட்' என்ற சொல்லும், அதனடியில் பெல்ஜியம் நாட்டுப் போக் ஆலையின் முத்திரையும் இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தூரிகையின் கோடுகளைக் காணவில்லை. அச்சின் நுண்புள்ளிகளே தெரிந்தன. தட்டு இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நண்பரின் முகம் வாடிற்று.

வாட வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. அத்தட்டு போலியான பழமையைக் காட்டிற்று. ஆனால் மெய்யான சரித்திரம் ஒன்றையும் சுமந்து நின்றது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியருக்குப் பீங்கான் செய்யத் தெரியாது. அது சீனத் தொழிலாளியின் கைத்திறன். 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி தோன்றியது. அடுத்த ஆண்டே சிங்கப்பூருக்கு அருகில் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதிலிருந்த பட்டும் பீங்கானும் பிறவும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போய் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் ஈட்டின. செல்வர் மாளிகைகளில் சீன நீலத்தின் மீது மோகம் பிறந்தது. கடற்கொள்ளையின் பண்டமே நாகரிகத்தின் அடையாளமாயிற்று!

1644ஆம் ஆண்டில் சீனத்தில் மிங் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போரால் சீனப் பீங்கானின் வரவு குன்றியது. அந்த இடைவெளியில் டெல்ஃப்ட் நகரின் குயவர்கள் முன்வந்தனர். சாதாரணக் களிமண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சுப் பூசி, அதன்மேல் கோபால்ட் நீலத்தால் எழுதினர். அது பீங்கான் அன்று. பீங்கானைப் போலத் தோன்றச் செய்த மண்பாண்டம். சீனனைப் பார்த்து டெல்ஃப்ட் செய்தது. டெல்ஃப்டைப் பார்த்துப் பிற்காலத்தில் பெல்ஜிய ஆலை அச்சடித்தது. நமது நண்பரின் தட்டு, நகலின் நகல்.

இக்கும்பனி நம் கரையில் என்ன செய்தது? போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து எழுப்பிய கோட்டையை 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இடையிடையே கைவிட்டும் மீட்டும் 1795 வரை துறைமுகத்தின் மீது உரிமை கொண்டாடினர். கறுவா விளைந்தது தென்மேற்கில்; திருகோணமலையோ வேறொரு வல்லரசு நுழைந்துவிடாதபடி பூட்டி வைக்க வேண்டிய கதவு. 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர், விரட்டப்பட்டனர். 1782ஆம் ஆண்டில் மட்டும் கோட்டை முதலில் ஆங்கிலேயரிடமும், பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. கொடிகள் மாறின, மீனவனையும் கூலியையும் யாரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குக் கும்பனி தன் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியது. நெடுந்தீவுக்கு வாய்த்த பெயர் 'டெல்ஃப்ட்'! நீலத் தட்டின் ஊரும் நெடுந்தீவும் ஒரே பெயரால் பிணைக்கப்பட்டன. ஆனால் அந்தப் பிணைப்பின் மறுபக்கம் கொடிது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களை ஆயிரக்கணக்கில் கும்பனி விலைக்கு வாங்கியது. நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து அவர்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றப்பட்டனர். டெல்ஃப்டின் சூளைகள் செழித்ததும் இதே ஆண்டுகளில்தான்.

சுரண்டப்பட்டோர் கீழ்த்திசையில் மட்டும் இருந்தனர் என்று எண்ணுவதும் தவறு. டெல்ஃப்டின் கைத்தொழில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாண்டங்களின் போட்டியால் நலிந்தது. 1836இல் மாஸ்திரிக்ட் நகரில் பெட்ரஸ் ரெகூ என்பவர் மட்பாண்ட ஆலை நிறுவினார். அவ்வாலையின் தட்டுகள் ஆசியச் சந்தைகளுக்கும் வந்தன. 1886–87இல் ஒல்லாந்தப் பாராளுமன்றம் நடத்திய விசாரணையில் அந்நகரத்து ஆலைகளின் நிலைமை அம்பலமாயிற்று. பாண்டத் தொழிலில் தூசி நுரையீரலை அரித்தது. ஈயப் பூச்சு உடலில் நஞ்சேற்றியது. அவ்விசாரணையின் விளைவாக 1889ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் பிறந்தது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் பதினொரு மணி நேர எல்லை வகுக்கப்பட்டது. பதினொரு மணி நேரமே வெற்றியாகக் கருதப்பட்டதென்றால், அதற்கு முந்திய நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

அப்படியானால் இத்தட்டுகளை உடைத்தெறிய வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம். உடைந்த சாட்சி பேசாது. காப்பாற்றும் முறையை அறிந்து காப்பாற்ற வேண்டும். வெள்ளீயப் பூச்சுத் தட்டின் உள்மண் நுண்துளைகள் உடையது. விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மஞ்சள் மண் தெரியும். அதை நீரில் ஊறவைத்தால் அழுக்கும் உப்பும் உள்ளே புகும். உலரும்போது உப்புப் படிகமாகிப் பூச்சைத் தூக்கி எறியும். உப்புக்காற்று வீசும் துறைமுக நகரத்தில் இது பெரிதும் கவனிக்கத்தக்கது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதும், சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துவதும் போதும். வெளுப்புத் தூள் ஆகாது. மழைக்காலத்தில் நீர் ஊறும் சுவரில் மாட்டலாகாது. கம்பிக் கொக்கியின் நுனிகளுக்கு இறப்பர் உறை போட்டால் விளிம்பு சிதையாது. பழைய பூச்சில் ஈயம் இருக்கும். ஆகவே அதில் உணவு பரிமாறலாகாது. உடைந்தால் கண்ட பசையால் ஒட்டாமல், துண்டுகள் அனைத்தையும் பொதிந்து வைத்து அருங்காட்சியகத்தாரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: கோட்டை நிலத்திலோ கரையிலோ பழைய ஓடுகளைக் கண்டால் சேகரிப்பு ஆசையால் தோண்டலாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நிலத்தடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஓடு எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதே அதன் வரலாறு. பெயர்த்தெடுத்த ஓடு வெறும் அலங்காரம்.

அலங்காரமாக மட்டும் பார்க்கும் சேகரிப்பாளன் தட்டின் முகத்தை மட்டுமே காண்கிறான். காற்றாலை சுழல்கிறது, படகு மிதக்கிறது, மண் பிசைந்த கையோ, அடிமைக் கப்பலோ படத்தில் இல்லை. அழகு பொய்யன்று, அது முழு உண்மையன்று என்பதே நாம் சொல்ல விரும்புவது. தூரிகை பிடித்த தொழிலாளியின் திறனுக்குத் தலைவணங்குவோம். அவனது பொருளைக் கொண்டு கும்பனியின் ஆட்சியைப் பொற்காலமாக்கும் முயற்சிக்குத் தலைவணங்க மாட்டோம்.

விடைபெறும்போது நண்பரிடம் ஒன்று வேண்டினோம். தட்டை மீண்டும் சுவரிலே மாட்டுங்கள். ஆனால் ஒருநாள் அதைப் பழைய பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மாணவர் படத்தைப் பார்த்து வியந்த பிறகு, தட்டைத் திருப்பிப் பின்புறத்தையும் காட்டுங்கள். 'இது எங்கே செய்யப்பட்டது, யார் செய்தது, இதை வாங்கும் பணம் எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள்.

அவர் தட்டைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மாட்டாமல், துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.