டர்ப்பின் சகோதரர்கள்

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியிலுள்ள லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரில் 1928ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிறந்தவர் ராண்டால்ஃப் டர்ப்பின். தந்தையார் லயனல், அன்று பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட நாட்டிலிருந்து வந்த கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டு, நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டவர். கடைக்குட்டியான ராண்டால்ஃப் தவழும் பருவத்திலேயே அவர் மறைந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் சுமை வெள்ளை இனத்தவரான தாயார் பியாட்ரிஸ் மீது வீழ்ந்தது. அவ்வம்மையாரின் தந்தை கையுறையின்றிக் குத்துச்சண்டையிட்டவர். ஆண்மக்கள் டிக், ஜாக்கி, ராண்டால்ஃப் மூவரும் அவ்வழியே சென்றதில் வியப்பில்லை.

இளையவரின் வரலாற்றைக் கூறுமுன், மூத்தவரைப் பற்றிச் சற்று நின்று கூறுதல் நம் கடமையாகும். ஏனெனில், கதவைத் திறந்தவர் அவரே. பிரிட்டனின் தொழில்முறைக் குத்துச்சண்டையில் 1911 முதல் ஒரு விதி நடைமுறையில் இருந்தது. பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்திற்குப் போட்டியிடுவோர் வெள்ளை இனப் பெற்றோருக்குப் பிறந்தவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. திறமையை அளக்க மேடை இருக்க, பிறப்பை அளக்க ஒரு விதி! இத்தகைய விதிகள் நமக்குப் புதியனவல்ல. நம் நாட்டில் அவை ஏட்டில் எழுதப்படாமலும் இயங்கின என்பதே வேறுபாடு. மான்செஸ்டர் நகரத்து லென் ஜான்சன் என்ற பெருவீரர், இவ்விதியால் பட்டத்திற்கு ஒருமுறையேனும் மோத இயலாமலே ஓய்வு பெற்றார்.

1937இல் தொழில்முறை வீரரான டிக் டர்ப்பின் பதினோராண்டுகள் காத்திருந்தார். 1948இல் விதி நீங்கியது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில் வின்ஸ் ஹாக்கின்ஸை வென்று, நடுஎடைப் பிரிவில் பிரிட்டிஷ் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரரானார்.

அதற்குள் தம்பி வளர்ந்துவிட்டார். அமெச்சூர் பிரிவில் 1945, 1946 ஆகிய ஈராண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற ராண்டால்ஃப், கடற்படையில் சமையற்காரராகப் பணியாற்றியவர். 1946 செப்டம்பரில் லண்டன் ஹாரிங்கே அரங்கில் தொழில்முறையில் அடியெடுத்து வைத்து, முதற்சுற்றிலேயே வென்றார். தொடர்ந்து வெற்றிகளே. எனினும் 1948இல் இருமுறை சறுக்கினார்: ஏப்ரலில் ஆல்பர்ட் ஃபின்ச்சிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார், செப்டம்பரில் பிரெஞ்சு வீரர் ஜான் ஸ்டாக்கிடம் ஐந்தாம் சுற்றோடு ஆட்டத்தை இழந்தார். இருபது வயது இளைஞருக்கு இது சிறு அடியன்று.

1950 ஏப்ரலில் அதே ஃபின்ச் அண்ணன் டிக்கின் பட்டத்தைப் பறித்தார். அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று தம்பி ஃபின்ச்சை ஐந்தாம் சுற்றில் வீழ்த்திக் குடும்பத்திற்குப் பட்டத்தை மீட்டார். கதையில் எழுதினால் மிகை என்பார்கள், நடந்தது இதுவே. 1951 பிப்ரவரியில் லுக் வான் டாமை 48 விநாடிகளில் வீழ்த்தி ஐரோப்பியப் பட்டமும் பெற்றார்.

1951 ஜூலை 10 அன்று லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் எதிரே நின்றவர் சுகர் ரே ராபின்சன். தம் தொழில்முறை வாழ்வில் அதுவரை ஒரே ஒரு தோல்வியை மட்டும் கண்ட உலக சாம்பியன். பதினைந்து சுற்றுகள் முடிந்தபோது நடுவர் டர்ப்பினின் கையை உயர்த்தினார். அப்போது அவருக்கு வயது 23.

செப்டம்பர் 12 அன்று நியூயார்க்கில் நடந்த மறுபோட்டியில், பத்தாம் சுற்றில் ராபின்சன் பட்டத்தை மீட்டுக்கொண்டார். உலகப் பட்டம் லெமிங்டன் வீட்டில் இருந்தது 64 நாள்கள்.